பாடாத தட்டும் பதியாத பாட்டும்

பொள்ளாச்சியினின்று ஆழியாற்றைக் கடந்து, 40 கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்றால் வருவது வால்பாறை. ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்த ஊர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் அங்கிருந்த சோலைக் காடுகளை வெட்டி வீழ்த்தித் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கினர். காடர், முதுவர், மலசர் முதலிய தொல்குடியினர் வாழ்ந்திருந்த மலை, துரைமார் மலையாயிற்று. அத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆள்வலிமையை நெல்லை, முகவை முதலிய வறண்ட நிலங்களினின்று கங்காணிகள் திரட்டிச் சென்றனர். முன்பணம் என்னும் தூண்டிலில் சிக்கி மலையேறிய தமிழ் மக்களுள் மீளாதவர் எத்துணையரோ! மலைக்காய்ச்சலுக்கும் மழைக்கும் அட்டைக்கும் கங்காணியின் கோலுக்கும் இரையாகி, வளர்த்த தேயிலைக்கே எருவாகிப் போயினர்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி.எச். தானியேல் அக்கொடுமையை 1969இல் ஆங்கிலத்தில் ஒரு புதினமாக வெளியிட்டார். அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அதன் வழி 2013இல் ‘பரதேசி’ என்னும் திரைப்படமும் வந்தது. அம்மக்களின் துன்பம் இங்ஙனம் நூலாயிற்று, படமும் ஆயிற்று. ஆயின் அவர்தம் பாட்டு என்ன ஆயிற்று? கொழுந்து கிள்ளுங்கால் நிரைக்கு நிரை எடுத்துப் பாடிய தெம்மாங்கு, காய்ச்சலில் மாண்ட குழவியை மடியிற் கிடத்திப் பாடிய ஒப்பாரி, கங்காணி அப்பாற் சென்றதும் அவனை ஏசிப் பாடிய நகைப்பாட்டு — இவற்றுள் எத்தனை ஒரு தட்டில் ஏறின? எந்தக் கடையில் அவை விலைக்குக் கிடைக்கும்? எந்த இளைஞன் அவற்றைத் தேடி அலைகின்றான்?

இவ்வினாவை எழுப்புதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் வருவாய் மிக்க இளைஞர் சிலரிடையே ஒரு புதுப் பழக்கம் வேரூன்றி வருகின்றது. மேலைநாட்டினர் ‘ஆர்டு ராக்கு’ என வழங்கும் இசையின் பழைய நெகிழித் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பதே அது. அவற்றுள்ளும், எத்தட்டின் மேலுறைப் படம் எங்கேனும் எதிர்ப்புக்கும் தடைக்கும் ஆளாயிற்றோ அத்தட்டுக்கே முதன்மை, அதற்கே பெருவிலை.

முதற்கண் சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் வேண்டும். ‘ராக்கு’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பாறை என்றொரு பொருள் உண்டு. ஆயின் இவ்விசைப் பெயரில் அது பாறையைக் குறிப்பதன்று. அசைதல், ஆட்டுதல் என்னும் வினையைக் குறிப்பது. இஃதறியாது ‘பாறையிசை’ என எழுதுவோர் உளர். அவர்தம் எழுத்தை நம்பினால் வால்பாறைக்கும் இவ்விசைக்கும் பெயரளவில் ஓர் உறவு உண்டென்றுகூடக் கொள்ள நேரும்! ‘வல்லாட்டிசை’ என்பதே பொருந்தும். பெயரளவில் உறவில்லையெனினும், வேறொரு வகையில் ஆழ்ந்த உறவு உண்டென்பது பின்னர்ப் புலனாகும்.

இசைத்தட்டு என்பது கேட்டற்குரிய கருவி. தொடக்கத்தில் அஃது அரக்கினால் ஆனது. பத்து அங்குலம் அகன்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமையம் போலப் பாடுவது. மணித்துளிக்கு 78 முறை சுழல்வது. 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் பன்னிரண்டு அங்குல நெகிழித் தட்டை வெளியிட்டது. அது மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமையத்துக்கு மேலும் பாடியது. தட்டு பெரிதானமையின் உறையும் பெரிதாயிற்று. வெறுந்தாளாக இருந்த உறையை 1940 அளவிலேயே படமெழுதி விற்கும் வணிக முறை தோன்றியிருந்தது. நாளடைவில், பாட்டைக் கேளாமலே உறையைக் கண்டு வாங்கும் நிலை வந்துற்றது. 1960களின் பிற்பகுதியில், கண்டோர் திடுக்குறும் படமே விற்பனைக்குச் சிறந்த வழி என்று கண்டுகொண்டனர் வணிகர்.

1966இல் பீட்டில்சு குழுவினரின் தட்டொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் உறையில் அவர்கள் ஊன் வெட்டுவோரின் வெள்ளுடை அணிந்து, பச்சை இறைச்சித் துண்டங்களும் தலை வேறு உடல் வேறாகிய பொம்மைகளும் சூழ அமர்ந்திருந்தனர். கடைக்காரர் முகஞ்சுளித்தனர். நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்று, பல உறைகளின்மேல் வேறொரு படத்தை ஒட்டி மீண்டும் விற்பனைக்கு விடுத்தது. இன்று சேர்ப்போர் செய்வது யாது? நீராவி காட்டி மேலொட்டிய தாளை மெல்ல மெல்ல உரிக்கின்றனர்! கிழியாமல் உரிந்தால் ஒரு விலை. உரிக்காமலே விட்டால் வேறொரு விலை. ஒட்டப்படாத முதலுறை, அதுவும் கடையினின்று வந்தவாறே பிரிக்கப்படாமல் இருப்பின் எல்லாவற்றினும் பெருவிலை. பிரிக்கப்படாத தட்டு என்றால் என்ன பொருள்? ஒருமுறையேனும் பாடாத தட்டு என்பதே பொருள். பாடுதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று, பாடாதிருந்தமையாலேயே உயர்விலை பெறுகின்றது. உணவை உண்ணாது புழுக்கவிட்டு, புழுத்த கலத்தை விலைபேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இனித் தமிழர் கூர்ந்து நோக்கத்தக்க ஒன்று. 1967 திசம்பரில் சிமி எண்டிரிக்சு என்னும் அமெரிக்கக் கருப்பின இசைவாணரின் இரண்டாம் தட்டு இலண்டனில் வெளிவந்தது. அதன் உறையில் திருமாலின் பேருருவப் படம். பல தலையும் பல கையும் பாம்புக் குடையும் சூழ நிற்கும் அவ்வுருவின் நடுவே எண்டிரிக்சின் முகமும், அவர்தம் தோழர் இருவர் முகங்களும் பொருத்தப்பட்டிருந்தன. இந்நாட்டில் வீட்டுச் சுவரிலும் கடைச் சுவரிலும் மாட்டுதற்கென அச்சிட்டு விற்கப்படும் வண்ணப் படம் ஒன்றையே எடுத்து அவ்வாறு மாற்றியிருந்தனர். ‘புருசன்’ என ‘ன்’ ஈறு பெற்று முடியும் அப்படத்தின் பெயரே தென்னாட்டு வழக்கின் சாயலைக் காட்டி நிற்கின்றது.

அதனை எண்டிரிக்சே விரும்பினாரல்லர் என்பதுதான் வியப்பு. அப்படத்துக்கும் தமக்கும் தொடர்பில்லை என்பது அவர் கருத்து. அவர்தம் முன்னோருள் அமெரிக்கத் தொல்குடியினரும் உண்டு. அவர்களையும் ஆங்கிலர் ‘இந்தியர்’ என்றே அழைப்பர். ‘இந்தியர்’ எனும் அச்சொல்லுக்கு உரிய தம் குடியை அட்டையில் காட்டியிருப்பின் பொருந்தியிருக்கும் என்று அவர் வருந்தினார். கொலம்பசு செய்த பிழை, ஐந்நூறாண்டு கழியும் தறுவாயில் ஓர் இசைத்தட்டின் உறையில் மீண்டும் நிகழ்ந்தது! உறை செய்தோர்க்கு அந்த இந்தியரும் ஒன்றே, இந்த இந்தியரும் ஒன்றே. இருவரும் அவர்கட்கு மக்களல்லர், வண்ணங்கள்.

அவ்வுறையை 2014இல் மலேசிய அரசு, சமய அமைப்பினரின் முறையீட்டின் பேரில் தடை செய்தது. 1997இல் ஏரோசுமித்து என்னும் வேறோர் அமெரிக்கக் குழு, காளியன் என்னும் பாம்பின் தலைமேல் ஆடும் கண்ணன் படத்தை எடுத்து, கண்ணனுக்குப் பூனைத்தலை வைத்து உறையாக்கியது. எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் பொறுத்தருள வேண்டி உறையை மாற்றியது. மாற்றிய அன்றே பழைய உறை ‘அரும்பொருள்’ ஆகிவிட்டது.

கடவுட் கொள்கையில் எவர் எக்கருத்து உடையராயினும் ஆகுக. ஈண்டு வினா கடவுளைப் பற்றியதன்று. ஒரு மக்களின் வழிபாட்டுருவத்தை, அம்மக்களைக் கேளாமல், அதன் பொருளை அறியாமல், எடுத்துத் தம் சரக்கின்மேல் ஒட்டிக்கொள்ளும் உரிமையை அவ்வணிகர்க்கு வழங்கியது யார்? அதனினும் கொடிது, அச்சரக்கை அம்மக்களின் பிள்ளையே பெருவிலை கொடுத்து வாங்கி, கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வது. அவனுடைய பாட்டி அதே படத்தைச் சில காசுக்கு வாங்கி, அதன்முன் விளக்கேற்றினாள். பெயரனோ இலண்டனைச் சுற்றி வந்த பின்னரே அதனைக் கலை எனக் கொள்கின்றான்!

இவ்வகைச் சேர்ப்பின் அடித்தளத்தில் இன்னும் இழிந்தது ஒன்று உண்டு. 1976இல் செருமானியக் குழுவொன்று வெளியிட்ட தட்டின் உறையில், பருவமெய்தாச் சிறுமியொருத்தியின் மானத்தையே விலைப்பொருளாக்கினர். பல நாடுகளில் வேறு உறையிட்டே அதனை விற்க நேர்ந்தது. அம்முதலுறையையும் ‘கிடைத்தற்கரியது’ எனத் தேடுவோர் உளர். ‘கலை’, ‘துணிவு’, ‘விடுதலை’ என்னும் பெருஞ்சொற்களால் எத்தகைய அழுக்கையும் போர்த்திவிடலாம் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா. ஒரு குழந்தையின் மானம் எந்த இசைக்கும் விலையாகாது. இதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

‘இசைக்கு நாடேது, மொழியேது? எவர்க்கு எது பிடிக்கின்றதோ அதனைச் சேர்க்கின்றனர். இதிற் பிறர் தலையிடுவானேன்?’ என்பர் இவர்களுக்காக வழக்காடுவோர். நல்ல வினாவே. விடையும் நேராகவே கூறப்படல் வேண்டும். அயலிசையைக் கேட்பது குற்றமன்று. யாதும் ஊர் எனக் கொண்ட இனம் அயலிசைக்குச் செவி அடைத்துக்கொள்ளாது. வல்லாட்டிசை எங்குப் பிறந்தது, எவர் தொண்டையிற் பிறந்தது என்று அறிந்தவன் அதனை இகழவும் மாட்டான். ஆயின் இத்தட்டுகளைச் சேர்ப்போருள் எத்துணையர் அதனை அறிவர்?

அறியாதார்க்கு அதனை ஈண்டுக் கூறுதல் கடன்.

1941ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் சுடோவல் என்பாரின் பருத்தித் தோட்டம். அதில் உழுபொறி ஓட்டியும் பருத்தி பறித்தும் வந்த கருப்பினத் தொழிலாளி ஒருவர், மாலை வேளைகளில் நரம்புக்கருவி மீட்டிப் பாடுவார். மடி வாட்டர்சு என்பது அவர்க்கு வழங்கிய பெயர். அமெரிக்கப் பேராய நூலகத்தின் சார்பில் ஆலன் உலோமாக்சு என்பாரும், பிசுக்குப் பல்கலைக்கழகத்தின் கருப்பினப் பேராசிரியர் சான் ஒர்க்கு என்பாரும் பதிவுப் பொறியைச் சுமந்துகொண்டு அத்தோட்டத்துக்குச் சென்றனர். அத்தொழிலாளியின் குடிலிலேயே அவர் பாட்டைத் தட்டிற் பதிந்தனர். பின்னர் இருபது வெள்ளியும் தட்டின் இரு படிகளும் அவருக்கு வந்தன. தம் குரலைத் தாமே கேட்டார் அத்தொழிலாளி. தாமும் ஒரு பாடகரே என்னும் எண்ணம் அவருள்ளத்தே உறுதிப்பட்டது. 1943இல் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகர் புகுந்தார்.

1950இல் அவர் பதிந்த ஒரு பாட்டின் பெயரைத்தான் 1962இல் இலண்டன் இளைஞர் சிலர் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். உலகெங்கும் பெயர் பரவிய உரோலிங்கு சுடோன்சு குழு அதுவே. மிசிசிப்பியிற் பிறந்த வில்லி திக்சன் இயற்றி, மடி வாட்டர்சு 1962இற் பாடிய பாட்டொன்றை, இலெட்டு செப்பலின் என்னும் ஆங்கிலக் குழு 1969இல் தன் பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. இயற்றியவர் பெயரைச் சுட்டவும் இல்லை. 1985இல் திக்சன் வழக்குத் தொடுத்த பின்னரே உடன்பாடு வந்தது. வல்லாட்டிசையின் தலைமைப் பாட்டுகளுள் ஒன்றாக அப்பாட்டு இன்றும் போற்றப்படுகின்றது.

இதனால் அறியப்படுவது யாது? வல்லாட்டிசையின் வேர் ஒரு தோட்டத் தொழிலாளியின் பாட்டு. அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர், வெயிலிற் பருத்தி பறித்து, கங்காணி போன்ற மேற்பார்ப்போரின் ஏச்சுக்கு ஆளாகி, அந்தியிற் குடில் முற்றத்திற் பாடிய பாட்டு. அதே ஆண்டுகளில், 1940களில், ஆனைமலையிலும் தோட்டம் இருந்தது. மேற்பார்ப்போனும் இருந்தான். அந்தி வேளையில் வரிசை வீட்டு முற்றத்தில் பாடிய தமிழ்த் தொழிலாளியும் இருந்தான். ஒன்று மட்டும் இல்லை. பதிவுப் பொறியைச் சுமந்துகொண்டு அம்மலையேறி, ‘அம்மா, பாடுக!’ என்று கேட்ட உலோமாக்சு இல்லை. அந்த ஒரு வேறுபாட்டால், மிசிசிப்பியின் பாட்டு உலகை ஆட்டியது. வால்பாறையின் பாட்டு மழையிற் கரைந்தது.

வால்பாறைத் தோட்டத்துப் பெயரன் ஒருவன் இன்று மிசிசிப்பித் தோட்டத்துப் பாட்டின் மூன்றாங்கைச் சரக்கைப் பெருவிலைக்கு வாங்குவானாயின், அவன் தன் பாட்டியின் பாட்டைத்தான் வேறொருத்தியின் குரலில் தேடுகின்றான் என்பதை அவனுக்கு உணர்த்துவார் யார்?

கொங்கு நாட்டில் உலோமாக்சு போல்வார் எவருமே வந்திலர் என்பதும் இல்லை. 1965இல் பிரெண்டா பெக்கு என்னும் கனடிய ஆய்வாளர் காங்கேயத்தை அடுத்த சிற்றூரில் தங்கி, இராமசாமி என்னும் உடுக்கைப் பாடகர் பல இரவுகள் தொடர்ந்து பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவிற் பதிந்தார். அதனை ஆராய்ந்து 1982இல் நூலும் வெளியிட்டார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அக்கதையைத் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேற்றியது. தமிழ் மண்ணிலேயே பிறந்த கவிஞர் சக்திக்கனல் 1971இல் அண்ணன்மார் கதையை ஏட்டினின்று பதிப்பித்தளித்தார். பொன்னர், சங்கர் பெயரை அறியாத கொங்குப் பிள்ளை இல்லை. ஆயின் அவர்தம் கதையை உடுக்கையடித்து விடியவிடியப் பாடவல்லார் எத்துணையர் எஞ்சியுள்ளனர் என்று எண்ணிப் பார்த்த கொங்குப் பிள்ளைகள் எத்துணையர்? கடல் கடந்து வந்த ஒரு பெண்மணி பனித்த இரவுகளில் விழித்திருந்து கேட்ட பாட்டை, பக்கத்துத் தெருவான் கேளாமல் உறங்கினானே! இதனினும் நாணத்தக்கது வேறு யாது?

அரக்குத் தட்டுகளின் நிலையும் அதுவே. இந்திய மண்ணில் இசைப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1928இல் தம்தம் என்னுமிடத்தில் பெருந்தொழிற்சாலை எழுந்தது. தமிழ்ப் பாட்டுகளும் ஆயிரக்கணக்கில் தட்டேறின. காவிரிக் கரையில், கொங்கு மண்ணாகிய கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையில் எழுப்பிய குரல், அத்தட்டுகள் வழியாகத்தான் ஒலிபெருக்கி காணாத ஊர்களுக்கும் சென்றது. அவர்தம் கணவர் கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அவர் குரல் எஞ்சியிருப்பது தட்டுகளிலேயே. அத்தகைய தட்டுகள் எத்தனை வீடுகளின் பரணில் கிடந்து விரிசலுற்றன! எத்தனை பழம்பொருட் கடைகளில் எடைக்குப் போடப்பட்டன! அரக்குத் தட்டு கீழே விழுந்தால் நொறுங்கும். நொறுங்கியபின் அக்குரலைக் கூட்டும் மருந்து எவரிடமும் இல்லை. ஓடியன் என்னும் நிறுவனத்தின் பழந்தட்டுகளை மின்வடிவாக்கிக் காக்கும் பணிக்கு, இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் பொருளுதவி செய்தது. தமிழன் பெருவிலைக்கு இலண்டன் தட்டை வாங்குகின்றான். இலண்டன் நூலகம் இந்நாட்டுத் தட்டைக் காக்கின்றது. எவ்வளவு நல்ல பண்டமாற்று!

இவ்விடத்தில் இளைஞரை மட்டும் குற்றஞ்சாட்டி அமைவது நேர்மையன்று. அவர்கள் முன்னே மூத்தோர் வைத்த வழி யாது? தமிழ்நாட்டு மேடையில் தமிழிற் பாடுக எனக் கேட்பதற்கே 1940களில் ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. 1941இல் மாநாடு கூட்டி, 1943இல் தமிழிசைச் சங்கம் நிறுவிப் போராட வேண்டியிருந்தது. ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளையெல்லாம் செலவிட்டு 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். விபுலாநந்த அடிகள் 1947இல் ‘யாழ்நூல்’ அரங்கேற்றினார். அவ்விரு பெருநூல்களையும் திறந்து பார்த்த இசையாசிரியர் எத்துணையர்? ஏட்டிசையின் நிலையே இதுவாயின் தோட்டத்துப் பாட்டுக்கு மதிப்பேது? ‘கூலிக்காரி பாட்டு’ என்று அதனை ஒதுக்கியது வெள்ளையன் அல்லன், படித்த தமிழனே. பள்ளி ஆண்டுவிழாவில் திரைப்பாட்டுக்கு ஆடவிட்டு, தோட்டத்துப் பிள்ளை வீட்டிற் கேட்ட கும்மியை மேடையேற்றக் கூசியவனும் அவனே. தன் வீட்டுப் பாட்டு இழிந்தது என்று கற்பிக்கப்பட்ட பிள்ளை, வளர்ந்தபின் அயலான் பாட்டில் உயர்வு தேடாமல் வேறென் செய்வான்?

‘எரி, உடை, தடை செய்’ எனக் கூவுவோர்க்கும் ஒரு சொல். மலேசிய அரசு அவ்வுறையைத் தடுத்தது. நன்று, புண்பட்டோர் உள்ளம் ஆறியிருக்கலாம். ஆனால் அதே மலேசிய மண்ணில் இரப்பர்த் தோட்டத் தமிழர் பாடிய பாட்டுகள் தோட்டங்களோடு சேர்ந்து அழிந்து வருகின்றன. அதற்கு எத்துணை அமைப்பினர் முறையீடு எழுதினர்? ஒரு படத்தைத் தடுக்க ஓர் ஆணை போதும். ஒரு பாட்டைக் காக்கப் பல இரவு விழிக்க வேண்டும். கூவுவோர் பலர் விழிப்பதில்லை. மேலும், தடையே அப்படத்துக்கு விலையேற்றும் என்பது மேலே கண்ட உண்மை. உறையை எரிப்பவன் சேர்ப்போனுக்கு முகவர் வேலை பார்க்கின்றான்!

சேர்த்தல் என்னும் பழக்கம் இழிந்ததன்று. அஃது ஓர் அரிய ஆற்றல். ஒரு தட்டின் நடுவட்டத்தை அடுத்துக் கீறப்பட்டுள்ள நுண்ணெண்ணைப் பார்த்து, இது முதற்பதிப்பா, மறுபதிப்பா, எந்நாட்டில் அழுத்தியது என்று கூறும் கூர்மை எளிதில் வாராது. அக்கூர்மையும் பொறுமையும் விடாமுயற்சியும் தமிழுக்கு வாய்த்தபோது என்ன நிகழ்ந்தது? தாமோதரனாரும் சாமிநாதரும் ஊர் ஊராய் அலைந்து செல்லரித்த ஏடுகளைச் சேர்த்தனர். கழக இலக்கியம் மீண்டது. கோட்டையூரில் ஓவியராய் வாழ்ந்த ரோசா முத்தையா, தம் வருவாயையெல்லாம் பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் பாட்டுச் சுவடிகளுக்கும் செலவிட்டார். அவர் மறைந்தபின் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இன்று தமிழாய்வு செய்வோர் உலகின் எந்த மூலையினின்றும் அதனை நாடி வருகின்றனர். இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட மக்களின் பாட்டுகளைச் செவியாரக் கேட்டுத் தொகுத்தளித்தார். இவர்களும் சேர்ப்போரே. இவர்கள் சேர்த்தவை, இவர்கள் சேர்த்திராவிட்டால் இல்லாதே போயிருக்கும். எண்டிரிக்சின் தட்டோ, தமிழிளைஞன் ஒருவன் வாங்காவிடினும் அழியப்போவதில்லை. 2022இல் அமெரிக்காவில் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட நெகிழித் தட்டுகள் விற்று, குறுந்தட்டின் எண்ணிக்கையையும் விஞ்சின. அதற்குக் காவலர் பலர் உளர். வால்பாறைப் பாட்டுக்குக் காவலர் யார்?

காலமும் கடந்துகொண்டிருக்கின்றது. கொழுந்தெடுத்த கைகள் ஓய்ந்தன. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டனர். வரிசை வீடுகளில் இன்று அசாம், சார்க்கண்டு முதலிய வடபுலத்துத் தொழிலாளர் குடியேறி வருகின்றனர். அவர்கள் மீது எவர்க்கும் காழ்ப்பு வேண்டா. நேற்றைத் தமிழனின் பாட்டையே இன்று அவர்கள் வேறு மொழியிற் பாடுகின்றனர். ஆயின் தமிழிற் பாடிய மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். காடர் முதலிய தொல்குடியினரின் பாட்டுகளோ, அவற்றைப் பாடும் வாய்கள் சிலவேயாதலின், இன்னும் விரைந்து அழியும் நிலையில் உள்ளன. பரணிற் கிடக்கும் தட்டு இன்னும் பத்தாண்டு காத்திருக்கலாம். எண்பது அகவை மூதாட்டியின் தொண்டை காத்திராது.

செய்ய வேண்டுவது எளிது. பதிவுப் பொறியை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டிய காலம் போயிற்று. ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் அப்பொறி கைப்பேசியாய் உள்ளது. விடுமுறை நாளொன்றில் மலையேறுக. பாட்டியின் பக்கத்தில் அமர்க. பாடச் சொல்லுக. பாடியவர் பெயர், ஊர், நாள், எவரிடம் கற்றார், எத்தொழிலின்போது பாடியது ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அவர் இசைவு பெற்றே பதிக. பதிந்ததை அவருக்கே முதலிற் கேட்பிக்க. மடி வாட்டர்சுக்கு அவர் குரல் திரும்பக் கிடைத்தாற் போல, அம்மூதாட்டிக்கும் அவர் குரல் திரும்பக் கிடைக்கட்டும். ஒரு படி குடும்பத்துக்கு. ஒரு படி அண்மைக் கல்லூரித் தமிழ்த்துறைக்கு. ஒரு படி 1981இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற நிலையான நிறுவனத்துக்கு. கீழே இறங்கினால் கொங்கு நாடெங்கும் உடுக்கைப் பாட்டு உண்டு. திருமண மங்கல வாழ்த்து உண்டு. வள்ளிக் கும்மி உண்டு. வள்ளி ஒயிற்கும்மி ஆசான் பத்திரப்பனார்க்கு 2024இல் நடுவணரசு தாமரைத்திரு விருது வழங்கியது. ஊரார் போற்றி நின்றமையாலேயே அக்கலை தலைநிமிர்ந்தது. போற்றினால் எக்கலையும் நிமிரும்.

இப்பணியைச் செய்த இளைஞன், பின்னர் எண்டிரிக்சின் தட்டையும் வாங்குக. மடி வாட்டர்சின் தட்டையும் வாங்குக. உறையினின்று எடுத்து, முள்ளை வைத்துக் கேட்க. அவ்வொலியில் தன் தோட்டத்தின் எதிரொலியை அவன் கேட்பான். தன் பாட்டை அறிந்தவன் காதுக்கே பிறர் பாட்டு உண்மையாய்க் கேட்கும். அறியாதவனுக்கு எல்லாத் தட்டும் வெறும் உறைதான்.

தமிழிளைஞனே! உன் வீட்டுச் சுவரில் பாடாத தட்டொன்று பெருவிலை பெற்றுத் தொங்குகின்றது. நாற்பது வளைவுக்கு மேலே, மழை ஒழுகும் வரிசை வீட்டில், பதியாத பாட்டொன்று விலையின்றி இருமிக்கொண்டிருக்கின்றது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் மலையேறு.